ஓடுகிற வெளிச்சம், நிற்கிற வெளிச்சம்

போன மாதம் என் கைப்பேசியில் ஒரே காணொளி திரும்பத் திரும்ப வந்து விழுந்தது. பாலிக் புலாவ் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் அலை உடையும் இடமெல்லாம் நீலமாக எரிகிறது. தங்கச்சி அனுப்பினாள், கோயில் குழுவில் வந்தது, கீழ்வீட்டு அம்மா அனுப்பினார். எல்லோரும் அழகு, அழகு என்று எழுதியிருந்தார்கள். எனக்கோ அதைப் பார்த்ததும் மூக்கில் குளோரின் வாடைதான் ஏறியது.

காரணம் இருக்கிறது. நான் வாழ்நாளில் பாதியை இறால் குஞ்சு பொரிப்பகத்தில் கழித்தவள். தாய் இறாலிடமிருந்து முட்டை எடுத்து, பொரிக்க வைத்து, குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்து, பண்ணைக்காரர்களுக்கு விற்கிற இடம் அது. உயிருள்ள ஒன்று தானாக ஒளி விடுவது உங்களுக்கெல்லாம் வேடிக்கை. எங்கள் தொட்டியில் அந்த ஒளி தெரிந்தால் மறுநாள் தொட்டி முழுக்கச் சவம் மிதக்கும்.

அதே வாரம் திவ்யா என் ஜார்ஜ் டவுன் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாள். இப்போது அந்தப் பொரிப்பகத்தில் வேலை பார்க்கிற பெண். நாங்கள் விளக்கை அடைத்துவிட்டுத் தொட்டி பார்த்த கொட்டகையைத் தீனி மூட்டை வைக்கிற ஸ்டோர் ஆக்கிவிட்டார்களாம். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் வைத்தால், கிருமி இருக்கிறதா இல்லையா என்று கணினியே சொல்லிவிடுமாம்.

"அக்கா, அந்தக் காலத்துல லைட்ட அடைச்சிட்டு சும்மா நின்னுக்கிட்டே இருப்பீங்களாமே. இருட்டுல நின்னு அப்படி என்னதான் செய்வீங்க?" என்று கேட்டாள்.

"பேசுவோம்" என்றேன்.

"பேசறதுக்கு எதுக்கு லைட்ட அடைக்கணும்? எழுதிக் குடுங்கலா அக்கா. புதுசா வர்றவங்க படிக்கட்டும்."

இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அது எங்களைவிட முன்னதாகவும் சரியாகவும் சொல்லும், இறாலுக்கும் நல்லது, பண்ணைக்காரனுக்கும் நல்லது. ஆனால் இருட்டில் நின்று என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டாளே, அதற்குப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நான் வேலைக்கு வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி பாலிக் புலாவ் வந்தேன். வீட்டுக்காரர் டுரியான் லாரி ஓட்டினார். நல்ல மனிதர், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேச்சும் கிடையாது. காலையில் "வர்றேன்", மாலையில் "சோறு போடு", இந்த இரண்டோடு அவருக்கு அன்றைய கணக்கு முடிந்தது. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார முடியாமல் பொரிப்பகத்தில் தொட்டி கழுவப் போனேன். பிறகு தண்ணீர் மாற்றவும் தீனி போடவும் குஞ்சுகளைப் பதம் பார்க்கவும் பழகினேன். அதையெல்லாம் விவரமாக எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

எங்கள் மேலாளர் யூசுப் சார். ஜார்ஜ் டவுனில் அவர் குடும்பத்துக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. மீன் படிப்புப் படிக்கிறேன் என்று கடையிலிருந்து தப்பித்து வந்தவர். "குழம்புச் சட்டிய விட்டு ஓடி வந்தேன், கடைசியில இறால்கிட்டயே மாட்டிக்கிட்டேன்" என்பார். இந்த மாதிரி வேடிக்கைப் பேச்செல்லாம் இருட்டில்தான். வெளிச்சத்தில் அவர் வேறு ஆள்.

வெளிச்சத்தில் அவர் திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். யாராவது ரப்பர் குழாயைத் தரையில் போட்டுவிட்டுப் போனால், அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். போட்ட ஆள் வந்து வாங்குகிற வரை நிற்பார். ஒரு வார்த்தை இருக்காது. அதைவிட நாலு அறை கொடுத்திருக்கலாம் என்று தோன்றும். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு இருக்கும், அதில் கால் நனைக்காமல் யாராவது உள்ளே வந்தால் தலையைத் தூக்காமலேயே "கால்" என்பார். பொரிப்பகத்துக்குச் சொந்தக்காரரான தவுக்கேயே ஒருமுறை அந்த "கால்" வாங்கித் திரும்பிப் போய் நனைத்துக்கொண்டு வந்தார்.

சரி, இருட்டுக்கு வருகிறேன்.

கடல் தண்ணீரில் ஒரு கிருமி உண்டு. அங்கொன்று இங்கொன்றாக இருக்கும்போது ஒளி விடாது. கூட்டம் பெருத்த பிறகுதான் ஒளி விடும். குஞ்சின் உடம்புக்குள் போய்ப் பெருகிவிட்டால், குஞ்சே ஒரு பச்சை நீலப் புள்ளியாகத் தண்ணீரில் நீந்தும். பகல் வெளிச்சத்தில் அந்தத் தொட்டி மற்ற தொட்டியைப் போலத்தான் இருக்கும். அதனால் குஞ்சுகளைப் பையில் அடைத்து அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கொட்டகையை இருட்டாக்கிப் பார்ப்போம். ஜன்னல்களில் கறுப்புக் கான்வாஸை இறக்கி, வாசல் கான்வாஸையும் கட்டி, விளக்கை அடைப்போம்.

விளக்கை அடைத்த உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக வேண்டும். எங்களுக்குக் கடிகாரம் கிடையாது. உள்ளங்கையை முகத்துக்கு நேராக வைத்துக்கொள்ள வேண்டும், காற்றுப் போக விட்டிருந்த இடுக்குகளில் கசிகிற துளி வெளிச்சத்தில் நம் விரல் நமக்கே மங்கலாகத் தெரிகிற வரை காத்திருக்க வேண்டும். சார் அவ்வப்போது கேட்பார், "விரல் தெரியுதா?" தெரியவில்லை என்றால் இன்னும் நிற்போம். தெரிகிறது என்று சொன்ன பிறகுதான் தொட்டிக்கு அருகே போவோம்.

அதுவரைக்கும் பேச்சு. பேசுவதும் வேலையின் ஒரு பகுதிதான். தரையெல்லாம் ஈரம், குழாய், வாளி. ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியாவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்வோம். ஆகவே உள்ளே நிற்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சாரின் சட்டம். வாசல் கான்வாஸைப் பிடித்துக்கொண்டு ரொஸ்னா என்ற மலாய்ப் பெண் நிற்பாள், அவளுக்குத் தமிழ் தெரியாது. உள்ளே சாரும் நானும். பகலெல்லாம் "கால்" என்று ஒற்றை வார்த்தை பேசுகிற மனிதர் இருட்டில் மடை திறந்த மாதிரி பேசுவார். அத்தா தன்னைக் கடையை விட்டு அனுப்பியபோது என்ன சொன்னார், மனைவி நூர்ஜகான் சமையலில் எது நன்றாக இருக்கும், எதைப் புகழ்ந்து பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, எல்லாம் சொல்வார். நானும் சொல்வேன். வீட்டில் வருடக்கணக்காகச் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அங்கே சொன்னேன். முகம் தெரியாதபோது வாய் எளிதாகத் திறக்கிறது.

தொட்டியில் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பீக்கரில் தண்ணீரை மொண்டு, ஆடாமல் வைக்க வேண்டும். கடலிலிருந்து சில சமயம் ஒரு நுண்ணுயிர் தண்ணீரோடு உள்ளே வந்துவிடும். கலக்கினால் பளிச்சென்று மின்னும், விட்டால் அணைந்துவிடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஓடுகிற வெளிச்சம். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பீக்கரை அசையாமல் வைத்த பிறகும் அணையாமல் எரிந்தால் அது கிருமி. அதற்குப் பெயர் நிற்கிற வெளிச்சம். அது தெரிந்தால் வேறு பேச்சில்லை, தொட்டி முழுக்கக் குளோரின். ஒரு பீக்கர் குஞ்சுகூட மிச்சம் வைக்கக் கூடாது.

ஒருநாள் குளோரின் ஊற்றிவிட்டு நிற்கும்போது சார் சொன்னார். "சின்ன வயசுல அத்தாகூட பட்டர்வொர்த் ஃபெர்ரியில வந்தேன் பரமேஸ். கம்பியில சாஞ்சு கீழ பாக்குறேன், ஃபெர்ரி போற வழியெல்லாம் தண்ணி எரியுது. அத்தாவ கூப்பிட்டுக் காட்டறதுக்குள்ள ஜெட்டி லைட்டு வந்திருச்சு. அதுக்காகத்தான் இந்தப் படிப்புப் படிச்சேன். வந்து பாத்தா இங்க அதுமேல குளோரின் ஊத்துறதுதான் வேலை."

"அது வேற இது வேற சார். அது ஓடுறது."

"எனக்கும் தெரியும்லா. ஆனாலும் ஊத்தும்போது கை ஒரு மாதிரி இருக்கு."

அவருடைய கண் எப்போது கெட ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், சோம்பல் என்று நினைத்தோம். காலையில் நானே ஓரமாக வைத்த வாளியில் முட்டிக்கொள்வார், யோசனையில் நடக்கிறார் என்று நினைத்தோம். ஒரு நாள் ரொஸ்னா வாசல் கான்வாஸைச் சரியாகக் கட்டவில்லை. வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. என் விரல், விரலில் இருந்த மோதிரம், சாரின் சட்டைப் பொத்தான் வரை எனக்குத் தெரிந்தது. சார் தன் உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இன்னும் தெரியல, நில்லு" என்றார்.

கோளாறு அவர் கண்ணில்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இருட்டில் பார்க்கத் தெரிந்தவர் என்பதற்காகவே அவரை அந்த நாற்காலியில் வைத்திருந்தார்கள். அது போனால் அவர் கதி என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. கெப்பாலா பத்தாஸ் பக்கத்திலிருந்து ஆ ஹோக் என்ற பண்ணைக்காரர் லாரியோடு வந்திருந்தார். முந்தின வளர்ப்பு முழுக்க அவருக்குச் செத்துப் போயிருந்தது. மனைவியின் நகைகளை வைத்துக் குளத்தைத் திரும்பத் தயார் செய்திருந்தார். இந்தத் தடவையும் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான் என்று வாசலில் நின்று ரொஸ்னாவிடம் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் கான்வாஸைத் தாண்டி எனக்குக் கேட்டது.

உள்ளே சார் அன்று பலாப்பழம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "விரல் தெரியுதா?" என்றார். "தெரியுது சார்" என்றேன். "ம், எனக்கும் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே தொட்டி விளிம்பைப் பிடித்தபடி நடந்தார். குனிந்தார். "சுத்தம். பேக் பண்ணச் சொல்லு" என்றார்.

நான் அதே தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து மேல் வரை பச்சைப் புள்ளிகள். மினுங்கவில்லை, ஒவ்வொன்றும் மெதுவாக நீந்தியது. பீக்கரில் மொண்டு விளிம்பில் வைத்தேன். ஓடுகிற வெளிச்சமாக இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். தண்ணீர் ஆட்டம் நின்றது, அது அணையவில்லை.

உரக்கச் சொன்னால் ரொஸ்னாவுக்குக் கேட்கும். தமிழ் தெரியாவிட்டாலும் எங்கள் "சுத்தம்", "நிக்குது" இரண்டும் அவளுக்குப் பழக்கம், ரொஸ்னாவுக்குப் புரிந்தால் ஊருக்கே கேட்ட மாதிரி. சொல்லாவிட்டால் வாசலில் நிற்கிற மனிதன் தெருவுக்கு வருவான். சாரின் குரல் வந்த பக்கமாக நடந்து போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சார், நிக்குது."

அந்த இருட்டில் முதல் தடவையாகப் பேச்சு நின்றது. காற்றுக் குழாய்களின் கொப்புளச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மறுத்துப் பேசுவார், என்னைத் திட்டுவார் என்றெல்லாம் பயந்தேன்.

"எவ்வளவு?" என்றார்.

"தொட்டி முழுக்க சார்."

அவர் மறுபடி குனிந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து, வாசலைப் பார்த்து மலாயில் சத்தமாகச் சொன்னார்: "ரொஸ்னா, பை கட்டாதே. குளோரின் கொண்டு வா."

ஆ ஹோக் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. குளம் தயாராகக் காத்திருக்கிறது, இப்போது போய் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்றார். சார் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அடுத்த வளர்ப்பில் முதல் தொட்டி உனக்கு, அது வரை வேறு எங்கேயும் அவசரப்பட்டு வாங்காதே என்று மட்டும் சொன்னார். ஆ ஹோக் லாரிக் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார். ஆனாலும் காத்திருந்தார், அந்த முதல் தொட்டியை வாங்கிக்கொண்டு போனார். அது பிழைத்தது. அன்று அந்த வெளிச்சத்தைக் கண்டது நான்தான் என்று எப்படியோ கேள்விப்பட்டு, பிறகு ஒரு டுரியான் காலத்தில் ஒரு கூடை நிறையப் பழம் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் லாரி நிறைய டுரியான் ஏற்றுபவர் என்று அவருக்குத் தெரியாது.

அன்று எல்லோரும் போன பிறகு சார் கேட்டார், "எப்பருந்து தெரியும்?"

"கான்வாஸ் திறந்திருந்த அன்னைக்கு சார்."

"யார்கிட்டயும்?"

"சொல்லல."

டாக்டர் சொன்னதைச் சொன்னார். முதலில் இருட்டுப் பார்வை போகுமாம், பிறகு பக்கவாட்டுப் பார்வை, கடைசியில் நடுவில் இருக்கிறதும் போகுமாம். மருந்து இல்லையாம். நாளைக்கே வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். எனக்கு ஏனோ கோபம்தான் வந்தது.

"தொட்டியப் பாக்க ரெண்டு கண்ணு போதும் சார். அது என்கிட்ட இருக்கு. மத்த எல்லாம் உங்ககிட்ட இருக்கு" என்றேன்.

அதற்கு மேல் அவர் ஒளித்து வைக்கவில்லை. மறுநாள் நேராகத் தவுக்கேயிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தவுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "அந்தப் பொம்பளை பொய் சொல்வாளா?" இல்லை என்றிருக்கிறார் சார். "அப்புறம் என்ன, வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு பல வருடம் அப்படித்தான் நடந்தது. "விரல் தெரியுதா?" என்று அவர் கேட்பார். எனக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் தெரிந்த மாதிரி. நான் "நிக்குது" என்றோ "ஒண்ணுமில்ல" என்றோ சொல்வேன், அவர் உத்தரவு கொடுப்பார். காத்திருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தோம். என் விரல் தெரிந்த பிறகும் சில நாள் "இன்னும் இல்ல சார்" என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன், பேச்சை நிறுத்த மாட்டார்.

இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். எனக்கு அந்த இருட்டு வேண்டும். இன்றும் வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், இந்த மாடி வீட்டில் எல்லா விளக்கும் நன்றாகவே எரிகிறது. சில மாலைகளில் நான் விளக்கை அடைத்துவிட்டு உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். விரல் தெரியும். பேச ஆள்தான் இருக்காது.

சாருக்கு ஒரு ஆசை இருந்தது. பார்வை முழுக்கப் போவதற்குள் அந்த ஓடுகிற வெளிச்சத்தை இன்னொரு முறை கடலில் பார்க்க வேண்டும். தொட்டியில் இல்லை, குளோரின் தேவைப்படாத இடத்தில். யாராவது மீன்பிடிக்கிறவர் கடல் எரிகிறது என்று சொன்னால் நாங்கள் கிளம்புவோம். நூர்ஜகான் அக்காவும் வருவார். போய்ச் சேரும்போது நிலா எழுந்திருக்கும், அல்லது மழை கலக்கியிருக்கும், அல்லது முந்தின நாளோடு போயிருக்கும். ஒரு தடவை எனக்கும் அக்காவுக்கும் லேசாகத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டோம். பிறகு ஒரு நாள், இனி எதுவும் தெரிய வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்னார். அவர் வேலையை விட்டார். அந்த ஆசையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் காணொளி வந்த அன்று நான் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"கேள்விப்பட்டேன்" என்றார். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு பரமேஸ்."

"நீங்க வரலையா சார்?"

"நான் வந்து என்ன செய்ய? இருட்டப் பாக்க அவ்வளவு தூரம் வரணுமா? அது இங்கயே இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். திவ்யா காரை எடுத்துக்கொண்டு வருவாள், சாரைக் கிளப்பி வையுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவு வருடம் மேலாளராக இருந்தவரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

சாரும் அக்காவும் அந்தி நேர மஃரிப் தொழுகை முடித்ததும் கிளம்பினோம். கடற்கரையில் கூட்டம். ஆளாளுக்குக் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, தெரியலையே, வீடியோவில நல்லாத் தெரிஞ்சதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வெளிச்சத்தில் எப்படித் தெரியும். திவ்யாவும் கைப்பேசியை எடுத்தாள். "அடை அத" என்றேன். கூட்டத்தை விட்டுத் தள்ளி, பாறை மறைக்கிற இடமாகப் பார்த்து, சாரைத் தண்ணீர் விளிம்பில் உட்கார வைத்தோம். அவருக்கு ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு அலை வந்து மடங்கியது. அதன் நீளம் முழுக்க நீலம் ஓடி அணைந்தது. திவ்யா, "அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"வந்திருச்சா?" என்றார் சார்.

"வந்திருச்சு."

"நிக்குதா, ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்ப குளோரின் வேணாம்" என்றார். அக்கா சிரித்தார், நான் சிரித்தேன். என் கண் கலங்கி அடுத்த அலை சரியாகத் தெரியாமல் போனது.

அவர் கையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குனியப் பார்த்தார், பிறகு நிமிர்ந்தார். "நீயே பிடிச்சு வை பரமேஸ். எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது" என்றார். அந்த இருட்டில் அத்தனை வருடம் நின்றிருக்கிறோம், நான் அவர் கையைத் தொட்டதே இல்லை. குரல் மட்டும்தான் எங்களுக்குள் இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

அவர் கையை மெல்ல அசைத்தார். பழக்கதோஷம், தலையைத் திருப்பாமலேயே கேட்டார்.

"விரல் தெரியுதா?"

தண்ணீருக்குள் அவர் விரல்கள் ஒவ்வொன்றையும் சுற்றி நீலம் எரிந்தது. நகம் தெரிந்தது, கணு தெரிந்தது.

"தெரியுது சார்" என்றேன். "உங்க விரல்தான் தெரியுது. அஞ்சும் தெரியுது."

அவர் கையை வெளியே எடுக்கவில்லை. பேச ஆரம்பித்தார்.